லைனில் வைத்த பை

அக்காவின் அஸ்தியை வாங்கிவரத்தான் நான் அமெரிக்கா போனேன். அதற்கு முன்னால் நான் போன அதிக தூரம் சென்னை. அதுவும் கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு.

அந்தமானில், ரங்கத் பஜாரில் எனக்கு ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. ஆணி, பெயின்ட், தார்ப்பாய், பைப். கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும், அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. அக்கா அப்படியில்லை. போர்ட் பிளேரில் நர்சிங் படித்தாள், மஸ்கட் போனாள், அங்கிருந்து அமெரிக்கா போனாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் நகரத்தில் தனியாகவே இருந்தாள். உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்து, எனக்கு விசா கிடைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தகனமும் ஆகிவிட்டது. கூட வேலை பார்த்த மலையாளி நர்ஸ் ஒருவர்தான் எல்லாவற்றையும் செய்திருந்தார். கடைசியில் அக்கா அவரிடம் சொன்னது ஒன்றுதானாம்: "என் தம்பி வருவான். அவன்கூட என்னை அனுப்பிடுங்க."

அஸ்தியை விமானத்தில் ஏற்ற வேண்டுமென்றால் நம் நாட்டுத் தூதரக அலுவலகத்திலிருந்து ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும். கூடப்பிறந்தவன் என்பதால் நான்தான் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். எனக்கு விமானம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் கிடைத்தால் அக்கா என்னோடு வருவாள். கிடைக்காவிட்டால், இறுதிச் சடங்கு நிலையத்தில், முன்பின் தெரியாதவர்களின் அலமாரியில் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் ஏற வேண்டும். வேறு டிக்கெட் எடுக்க எனக்கு வழியில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸுக்கு டியூட்டி. வரமுடியாது என்று வருத்தப்பட்டார். அக்காவின் அறையிலிருந்து அலுவலகம் நடந்தே போகிற தூரம்தான், இந்தத் தெருவில் நேராகப் போய் இரும்புப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு எச்சரிக்கையும் செய்தார். "சேட்டா, தெருவில் பையைப் பிடித்துப் பறித்துக்கொண்டு ஓடுகிற ஆட்கள் உண்டு. பாஸ்போர்ட் பத்திரம்."

அன்று விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம். மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, இன்னைக்காவது பேப்பர் கெடைச்சிருமா?"

"பாப்போம்."

"அங்க போயும் பாப்போமா? கடையில கஸ்டமர் முன்னாடி நிக்கிற மாதிரி வாய மூடிட்டு நிக்காதீங்க. ஜோர்ஸே, சத்தமா பேசணும்."

"சரி."

"மதினிய அங்க தனியா உட்டுட்டு வந்தீங்கன்னா நான் ஜெட்டிக்கே வரமாட்டேன். வந்த ஷிப்லயே திரும்பிப் போயிருங்க."

நான் விமானத்தில்தான் வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்காவுக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் அழுதாள்.

அக்காவின் அறையை விட்டு வெளியே வந்ததும் போன் செத்துவிட்டது. அறையில் இருந்த வைஃபையில் மட்டும்தான் அது வேலை செய்யும். கையில் ரெக்ஸின் பை. அதில் என் பாஸ்போர்ட், அக்காவின் பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், ஒரு டவல், ஒரு பிஸ்கட் பாக்கெட். பாலத்தைத் தாண்டும்போது குளிர் சட்டைக்குள் வந்தது. கீழே ஆறு. தண்ணீர் பச்சையாக, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து வலித்தது. தெருவில் ஆளே இல்லை.

அலுவலகத்தின் கதவு பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். எனக்கு முன்னால் ஒருவரும் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. இன்றைக்கு நான்தான் முதல் ஆள்.

எங்கள் தீவுக்காரர்களுக்கு அந்த நிம்மதி புரியும். மெயின்லாண்ட் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள் என்றால் இருட்டிலேயே போய் லைன் போட வேண்டும். லைனில் ஆள் நிற்பதில்லை. பைதான் நிற்கும். பை இல்லாதவர் செருப்பை வைப்பார், தண்ணீர் பாட்டிலை வைப்பார், ஒரு செங்கல்லைக்கூட வைப்பார். வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கலாம். லைன் நகர்ந்தால் பின்னால் நிற்பவர் உங்கள் பையையும் காலால் தள்ளி முன்னே விடுவார். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள், எல்லாருக்கும் இது பொதுச் சட்டம். லைனில் இருக்கும் பையை யாரும் தொடமாட்டார்கள். என் கல்யாண நகையையே நான் ஒருமுறை அப்படி வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போயிருக்கிறேன்.

எனக்கு அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. குளிர் அதை இன்னும் மோசமாக்கியது. பையோடு தெருத்தெருவாக அலைந்தால் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். லைனில் வைத்தால் பத்திரம். கதவுக்கு நேராக, சுவரை ஒட்டி, பையை ஒழுங்காக வைத்தேன். சாயாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு நடந்தேன்.

முதல் காபிக் கடையில் கழிப்பறைக் கதவுக்குப் பூட்டு. எண்களை அழுத்தித் திறக்கிற பூட்டு. கவுண்டரில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். காபி வாங்கினால்தான் எண் கொடுப்பார்கள் என்பதை நான் புரிந்துகொள்ளும்போது வெட்கத்தில் வெளியே வந்திருந்தேன். மறுபடி உள்ளே போக முடியவில்லை. அடுத்த கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, மரங்கள் தெரிந்த பக்கமாக வேகமாக நடந்தேன். ஒரு பூங்கா வந்தது. அங்கே பொதுக் கழிப்பறை இருந்தது. யார் கட்டினார்களோ, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது எதிரே ஏரி. அக்கா போனில் ஏரி ஏரி என்று சொல்வாள். நான் போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கம் போல ஒன்றை நினைத்திருந்தேன். இதற்கு மறுகரையே இல்லை. அலை வந்து கல்லில் அடித்தது. ஆனால் உப்பு வாசனை கிடையாது, கடலின் வற்றம் ஏற்றம் கிடையாது, ஈரமணலில் நண்டு ஓடிய தடம்கூட இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆட்கள் அந்தக் குளிரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். அக்கா இங்கே வந்து உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. எந்த பெஞ்சில் என்று யாரிடம் கேட்பது?

திரும்பி நடந்தபோதுதான் வழி தப்பியது தெரிந்தது. ரங்கத்தில் இருப்பது ஒரே ரோடு. எந்தச் சந்துக்குள் போனாலும் கடைசியில் அந்த ரோட்டுக்கே வந்து சேரலாம். இங்கே எல்லாத் தெருவும் ரோடுதான். எல்லாம் நேராக, எல்லாம் ஒரே அகலம். பச்சைப் பலகை வைத்த காபிக் கடையில் திரும்ப வேண்டும் என்று அடையாளம் வைத்திருந்தேன். அதே பச்சைப் பலகை அடுத்த மூலையிலும் இருந்தது, அதற்கடுத்த மூலையிலும் இருந்தது. பாலத்தைத் தேடினேன். பாலம் வந்தது, ஆனால் அது வேறு பாலம். சற்றுத் தள்ளி இன்னொரு பாலம். அந்த ஆற்றின்மேல் அவ்வளவு பாலங்கள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது தெரு நிறைய ஆட்கள். எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார்கள். யாரையாவது நிறுத்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவரிடம் கேட்கலாம் என்று நினைப்பதற்குள் அவர் போய்விடுவார். ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் முதல் வார்த்தை என்ன என்றே வரவில்லை. நானும் சிரித்து வைத்தேன். அவர் போய்விட்டார். ஒன்பது மணி தாண்டியிருக்கும். லைன் நகர ஆரம்பித்திருக்கும். பின்னால் வருகிறவர் என் பையைத் தள்ளிவிடுவாரா என்றுதான் அப்போதும் கவலைப்பட்டேன்.

சைரன் கேட்டது. போலீஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைத் தாண்டிப் போய் ஒரு தெருவில் திரும்பின. ஜனங்கள் அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு எதிராக நடந்தேன். தெருமுனையில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் தெரு காலி. தூரத்தில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு நேராக, சுவரை ஒட்டி, சாயாமல், என் பை.

அலுவலகத்துக்கு வந்தவர்களை எல்லாம் நாடாவுக்கு இந்தப் பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முழுக்க நம் ஆட்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு குஜராத்தி அம்மாள், "கோயி பாகல் பேக் சோட்கே சலா கயா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ பைத்தியக்காரன் பையை விட்டுவிட்டுப் போய்விட்டானாம். இந்தி எங்களுக்குப் பாதித் தாய்மொழி. ஒரு வார்த்தை தவறாமல் புரிந்தது.

எனக்கு முன்னால் ஒரு தமிழ் ஜோடி. சின்ன வயசு.

"எந்த லூசோ வச்சிட்டுப் போயிருக்கான். என் லீவு வேஸ்ட்" என்றான் அவன்.

"பாவம், வயசானவங்க யாராவது மறந்து வச்சிருப்பாங்க" என்றாள் அந்தப் பெண்.

"வயசானவங்கன்னா வீட்டோட இருக்க வேண்டியதுதானே. இந்த ஊர்ல தெருவுல தனியா ஒரு பை கெடந்தா குண்டுன்னுதான் நெனைப்பாங்க. இது தெரியாதா?"

தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பை என்னுடையது என்று சொல்ல முயன்றேன். சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். விமானம் போய்விடும். சொல்லாவிட்டால் பை போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அக்கா அந்த அலமாரியில்தான் இருப்பாள். நின்றேன். வெட்கமா, பயமா, இரண்டும் சேர்ந்ததா, தெரியவில்லை. கடையில் ஒருவன் என் கண் முன்னாலேயே பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதும் நான் இப்படித்தான் நின்றேன்.

வண்டியிலிருந்து குட்டி டாங்கி மாதிரி ஒரு இயந்திரத்தை இறக்கினார்கள். அது சங்கிலிச் சக்கரத்தில் பையை நோக்கி ஊர்ந்தது.

"முடிஞ்சது. தண்ணிய பீய்ச்சி அடிச்சு அதைத் துண்டு துண்டா ஒடைச்சிருவாங்க" என்றான் அவன்.

"அது என் பை."

நான்தான் சொல்லியிருக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சார்?"

"அது என் பை தம்பி. எங்க அக்கா பேப்பர் உள்ள இருக்கு. ஒடைக்க வேணாம்னு சொல்லுங்க. தம்பி, சொல்லுங்க."

அந்தப் பெண்தான் என் கையைப் பிடித்தாள். "ஐயோ அங்கிள்!" என்று கத்திக்கொண்டே நாடாவை நோக்கி என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சோதித்தார்கள். ஆஜானுபாகுவான ஒரு போலீஸ்கார அம்மாள் கேள்வி கேட்டார். அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். பையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிஸ்கட் பாக்கெட் உட்பட.

"ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேக்குறாங்க அங்கிள்."

"விட்டுட்டுப் போகல. லைன்ல வச்சிட்டுப் போனேன்."

"லைனே இல்லையே?"

"நான்தானம்மா மொத ஆளு."

போலீஸ்கார அம்மாளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் புரியவில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. போர்ட் பிளேரில் இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய என் ஷூவில் ஒன்றைக் கழற்றி நடைபாதையில் வைத்தேன். இது நான். அந்தப் பெண்ணின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி அதற்குப் பின்னால் வைத்தேன். இது நீ. பிறகு நொண்டிக்கொண்டே தள்ளிப் போய், டீ குடிப்பதுபோல் கையைக் காட்டி, திரும்பி வந்து ஷூவுக்குப் பக்கத்தில் நின்றேன். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் எடுக்க மாட்டாங்களா அங்கிள்?"

"எதுக்கும்மா எடுக்கணும்? அது லைன்ல நிக்குதே."

அவள் அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. போலீஸ்கார அம்மாள் என்னையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"மொதல்ல ஷூவ போட்டுக்கச் சொல்றாங்க."

பையை உடைக்கவில்லை. நாயை விட்டு மோப்பம் பிடித்து, கவச உடை போட்ட ஒருவர் ஜிப்பைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். அக்காவின் பாஸ்போர்ட்டைப் போலீஸ்கார அம்மாள் புரட்டினார். இறப்புச் சான்றிதழையும் படித்தார். இரண்டையும் டவலில் சுற்றி அவரே பைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார். பிறகும் என்னை விடவில்லை. கையெழுத்து, போட்டோ, மறுபடி கேள்வி. தமிழ் ஜோடி கடைசிவரை கூட இருந்தார்கள். இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரித்து அனுப்பும்போது தெருவைத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே ஹால் நிறைய கூட்டம். நான் கடைசியில் போய் நின்றேன். பையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மணியைப் பார்த்தார். "டைம் ஓவர். மண்டே ஆயியே."

திங்கட்கிழமை வரச் சொல்கிறார். நான் தலையாட்டினேன். அது என் பழக்கம். யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவேன். திரும்பி ஓரடி வைத்தேன். அடுத்த அடி வரவில்லை.

மறுபடி கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவர் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேரா தீதி அகேலா ஹை" என்றேன். என் அக்கா தனியாக இருக்கிறாள். அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் தீவு இந்தியில் கொட்டியது. நாளைக்கு எனக்கு விமானம். நான் போய்விட்டால் அவளைக் கூட்டிப்போக ஆள் கிடையாது. தம்பி வருவான் என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறாள். நான் வந்துவிட்டேன். காலையில் முதல் ஆளாக வந்தேன். போலீஸிடம் கேளுங்கள். பேப்பர் இல்லாமல் நான் இங்கிருந்து நகரமாட்டேன்.

இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள். "ஜபர்தஸ்தி மத் கரோ", அடம் பிடிக்காதே என்று அவர் அதட்டினார். நான் நகரவில்லை. அழுதேனா என்று நினைவில்லை. குஜராத்தி அம்மாள் பின்னாலிருந்து, "அரே, வாங்கிக்கொள்ளுங்களேன் பாய், பாவம்" என்று இந்தியில் சொன்னது கேட்டது. காலையில் என்னைப் பைத்தியக்காரன் என்றவர்தான்.

உள்ளிருந்து இன்னொரு அதிகாரி வந்தார். கண்ணாடியின் அடியில் இருந்த இடுக்கு வழியாகக் கையை நீட்டினார். பேப்பர்களைக் கொடுத்தேன். "பைட்டியே" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹால் காலியாயிற்று. ஒருவர் வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனார். நான் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கடிதம் வந்தபோது அதில் அக்காவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத்துகள் ஆடின. மறுபடி பார்த்தேன். சரியாக இருந்தது.

தமிழ் ஜோடி வெளியே காத்திருந்தார்கள். இறுதிச் சடங்கு நிலையம் வரை காரில் கொண்டுவிட்டார்கள். அந்தப் பையன் வழியெல்லாம் "ஸாரி சார், ஸாரி சார்" என்றான். நான் சரி சரி என்றேன். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. அக்காவின் அறை பக்கம்தான், நடந்துபோய்விடுவேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

நிலையத்தில் கடிதத்தின் நகலை ஒட்டி, பெட்டியை முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "அக்கா, குளிருதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் தனக்குத்தானே பேசிக்கொண்டுதான் போகிறார்கள். அதனால் நானும் பேசினேன். அவள் தலை நரைத்ததை நான் போனில்தான் பார்த்தேன், அதைச் சொன்னேன். போலீஸ் என் ஷூவைப் பார்த்ததைச் சொன்னேன். என் மனைவி கெட்ட கோபத்தில் இருக்கிறாள், நீ வந்து சமாதானப்படுத்து என்றேன். சிக்னலில் எல்லாரும் நின்றபோது, "இரு, இன்னும் போடல" என்றேன்.

நான்கு பக்கமும் நேரான தெருக்கள். நான்கு மூலையிலும் வெளிச்சம் போட்ட கடைகள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்களில், கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குப் போகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டேன்.

நடக்கச் சொல்லி விளக்கு எரிந்தது. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விளக்கு அணைந்து மறுபடி எரியும்வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு, கையில் அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே கோட் பட்டனைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு மனிதரை வழிமறித்து நிறுத்தினேன்.